கிளைவ் ஊருக்குப் போன கதை

வெளிநாட்டில் சம்பாதித்து ஊர் திரும்புகிறவர்களைப் பார்க்க திருச்சி விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தெப்பக்குளக் கரையில் ராபர்ட் கிளைவ் பெயரைச் சுமக்கும் கட்டடமே போதும்.

1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை, கிளைவ் இருந்த ஆங்கிலேயப் படையிடம் சரணடைந்தது. அந்த அமளியில் படுத்த இடம் மாறாதவர் அரங்கநாதர் ஒருவர்தான். கிளைவுக்கு வீரத்தில் வந்தது பேர். பணம் வந்தது, படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்த காண்ட்ராக்டில். 1753 பிப்ரவரியில் சென்னைக் கோட்டை தேவாலயத்தில் மார்கரெட்டோடு கல்யாணம், மறுமாதமே இங்கிலாந்துக்குக் கப்பல்.

ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனி வைரம் பதித்த வாள் தர முன்வந்தது. “என் தளபதி லாரன்ஸுக்கும் ஒன்று கொடுத்தால்தான்” என்று பிகு செய்துவிட்டு வாங்கிக்கொண்டார். அப்பாவின் கடனை அடைத்தார். தடபுடலாகச் செலவழித்தார். எல்லாம் முடிந்தபின் மிச்சமிருப்பது ஒன்றுதானே? தேர்தலில் நின்றார். ஜெயித்தும் பார்த்தார், 1755-இல் நாடாளுமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. உடனே மறுபடி இந்தியாவுக்குக் கப்பல். மனைவி கூட வந்தார், பிள்ளைகள் அங்கேயே.

அப்படி விட்டுவந்த மூத்த மகன் எட்வர்ட் பிற்பாடு சென்னை கவர்னரானார். 1801-இல் அவர் காலத்தில்தான் ஆற்காட்டு நவாபின் சீமை, திருச்சி உட்பட, கம்பெனி கைக்குப் போனது. அப்பா சாமான் சப்ளை செய்தார். மகன் கடையையே எழுதி வாங்கிக்கொண்டார்.