காந்தம் ஒட்டாத கார்

கண்ணாடியிழைக் காரில் பெயிண்ட் கெட்டுப்போனால், பெரும்பாலும் பெயிண்ட் நிரபராதி. கோளாறு அதற்கு அடியில் இருக்கும். மேலே பெயிண்ட், அதன்கீழ் பிரைமர், அதற்கும் கீழே ஜெல்கோட் என்னும் இழையில்லாத ரெசின் பூச்சு, எல்லாவற்றுக்கும் அடியில் பாலியெஸ்டர் ரெசினில் ஊறிய கண்ணாடியிழைப் பாய். அச்சுக்குள் ஜெல்கோட்டைப் பூசி, பாயை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிச் செய்கிற கைவேலை இது. அன்றைக்கு உருளை பிடித்தவருக்குக் கை வலித்திருந்தால், அந்த வலி நாற்பது ஆண்டு கழித்து பானெட்டில் தெரியும்.

நம் பக்கத்தில் இந்த நோய்க்கு உரிய வண்டி, பெங்களூரில் பிறந்த சிபானி டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனைத் தழுவி 1982-இல் வந்தது. 848 சிசி இன்ஜின், இரண்டே கதவு. அதற்கு முன்பே அதே வீட்டில் பாதல் என்ற மூன்று சக்கரக் காரும் கண்ணாடியிழை உடலோடு பிறந்திருந்தது. டால்ஃபினின் மேனி துருப்பிடிக்காது. உண்மைதான். ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 நாலு கதவோடு வந்து நின்றதும், துருவைப் பற்றிப் பேச எவருக்கும் நேரமில்லாமல் போயிற்று. மிஞ்சிய வண்டிகள் துருப்பிடிக்காமல் கிழமாயின.

அப்படியொன்று காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே, வேகவதிக் கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துத் தெருவில் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வருபவர் பழைய கார் தரகர். சட்டைப்பையில் காந்தம் இருக்கும். தகரக் காரில் பட்டி வைத்து மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. தரகர் சாஸ்திரத்தில் அது ஒன்றே சோதனை. பானெட்டில் வைக்கிறார், விழுகிறது. கதவில் வைக்கிறார், விழுகிறது. கூரையிலும் விழுகிறது. “சார், வண்டி முழுக்கப் பட்டிதான்” என்று அவர் சொல்லும்போது குரலில் இரக்கம் இருக்கும். பெயிண்ட் கனம் அளக்கும் சாதாரணக் கருவிக்கும் இதே கதிதான். அடியில் உலோகம் இருந்தால்தான் அது வாய் திறக்கும். மீயொலியால் அளக்கும் கருவி வேண்டும். அது இல்லாதபோது, மூலையில் விரல்நுனி அளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்தால், மரத்தின் வளையம்போல் ஒவ்வொரு உரிமையாளரின் ரசனையும் வரிசையாக வெளிவரும்: சிவப்பு, அதன்கீழ் பச்சை, அதன்கீழ் யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு மஞ்சள்.

இந்த அடுக்குகளே ஒரு நோய். மேலே மேலே பூசிய பழைய பெயிண்ட் தன் கனம் தாளாமல் வறண்ட ஏரிபோல் வெடிக்கும். அந்த வெடிப்பு பெயிண்டோடு நின்றால் உரித்துவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும். ஜெல்கோட்டுக்குள் இறங்கியிருந்தால் கதை வேறு. விரிசலின் வடிவமே அதன் வரலாற்றைச் சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கிளைத்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது, பெரும்பாலும் உட்புறமிருந்து. கதவுக் கீல் அருகே கோடுகள் இணையாக ஓடினால், அந்த இடம் பல காலமாக வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. மேற்பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதக் கூடாது. கைதேர்ந்தவர் பட்டுப்புடவையை மறுபக்கம் திருப்பிப் பார்ப்பதுபோல் பானெட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். அங்கே வெளுத்த திட்டு இருந்தால் பாயே அடிவாங்கியிருக்கிறது. நாணயத்தால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல இடம் கணீரென்னும், அடுக்கு விட்ட இடம் மொத்தென்னும்.

கொப்புளம் இதைவிடப் பொல்லாதது. வண்டியின் மேல் பாசம் அதிகமானவர்தான் இதை வரவழைப்பார். ஐப்பசி மழையில் நனைந்த காரைத் தார்பாயால் இறுக மூடி, ஆவியில் வேகவைப்பார். ஈரம் ஜெல்கோட்டுக்குள் ஊடுருவி, ரெசினில் கரையக்கூடிய மிச்சங்களைக் கரைத்து, அந்தக் கரைசல் மேலும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடைத்துப் பார்த்தால் புளித்த வாடை வரும். படகுக்காரர்களுக்கு இது பழகிய துன்பம். வண்ணத்தின் பகை பின்பக்கத்து நீர் என்பதைத் திருப்பருத்திக்குன்றத்துக்கு வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம், விஜயநகரத்து அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387-இல் கட்டியது; விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் தீட்டப்பட்டிருக்கின்றன. சுண்ணச்சாந்தின் மேல் எழுதிய எந்த ஓவியத்துக்கும் முதல் பகை, மேலிருந்து ஊறி உப்பைக் கொண்டுவரும் தண்ணீர்தான். ஒழுகலை விட்டுவிட்டு ஓவியத்தை மட்டும் பழுதுபார்ப்பவரும், ஈரத்தை விட்டுவிட்டுக் கொப்புளத்தில் பட்டி வைப்பவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

ஈரம் போயிற்றா என்று பார்க்க, தேய்த்த இடத்தில் பாலிதீன் தாளைச் சுற்றிலும் ஒட்டி வெயிலில் விட வேண்டும். தாளின் உட்புறம் வியர்த்தால் ஈரம் இன்னும் இருக்கிறது; பெயிண்டர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

பழுதுபார்ப்பில் செய்யக்கூடாதவையே அதிகம். டிங்கரிங் சுத்தியல் வேண்டாம். இங்கே நெளிவு கிடையாது, உடைவுதான். தகரத்துக்கான பெயிண்ட் உரிக்கும் திரவம் பெயிண்டைத் தின்று முடித்ததும் நிறுத்திக்கொள்ளாது, ரெசினையும் ருசி பார்க்கும். ஆகவே கையும் உப்புத்தாளும்தான். விரிசலை மேலே பூசி மூடினால் சில மாதத்தில் அதே கோடு அதே இடத்தில் எழுந்து நிற்கும். அடிவரை அகழ்ந்து, ஓரங்களை அகலமாகச் சரித்து, பாயைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி ரெசின் ஊட்டி, இறுகிய பின் தேய்க்க வேண்டும். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றும் பழக்கமுள்ளவருக்குச் சித்திரை வெயிலில் டப்பாவுக்குள்ளேயே கல் கிடைக்கும்.

தேய்க்கும்போது எழும் தூள் கண்ணுக்குத் தெரியாது; அரிப்பு தெரியும். முகமூடி, முழுக்கைச் சட்டை, பிறகு குளிர்ந்த நீர்க் குளியல். வெந்நீர் ஊற்றிக்கொண்டால் தோலின் துளைகள் திறந்து இழைக்கு விருந்து வைத்ததாகும் என்பது பட்டறை ஞானம். வேடிக்கை பார்க்க நின்றவர்களும் சாயங்காலம் சொறிந்துகொள்வார்கள். ஆலோசனை சொல்லும் கூட்டத்தை இதைவிட நாகரிகமாகக் கலைக்க வழியில்லை.

ஊசித்துளைகள் சில்லறை விவகாரம், ஆனால் எரிச்சலூட்டுபவை. உருளைக்குத் தப்பிய காற்று வெயிலில் விரிந்து, புதுப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். பிரைமர் அடிக்கும் முன்பே உடலை வெயிலில் காயவிட்டு, திறந்த துளைகளில் பட்டியை அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். பெயிண்ட் நடுவே மீன்கண் போன்ற வட்டங்கள் விழுந்தால், முந்தைய உரிமையாளர் பளபளப்புக்காகத் தடவிய சிலிக்கோன் பாலிஷைக் குற்றம் சொல்லலாம். அவர் எதிரில் இல்லாதது வசதி.

நிறத் தேர்வில் ஆசைக்கு இடம் குறைவு. கறுப்பும் கருநீலமும் வெயிலைக் குடித்து உடலைச் சூடாக்க, அடியிலுள்ள இழையின் நெசவு மேலே அச்சாகத் தெரியும். 1953-இல் அமெரிக்காவின் முதல் கார்வெட் கார் கண்ணாடியிழை உடலோடு வந்தபோது, அந்த ஆண்டின் 300 வண்டிகளும் வெள்ளை. அதைத் தயாரித்தவர்கள் காஞ்சிபுரத்து வெயிலை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. இருந்தும் சரியாகத்தான் செய்தார்கள். பூசி முடித்தபின் சில வாரம் மெழுகு போடாமல், தார்பாய் மூடாமல், நிழலில் காற்றாட விட வேண்டும்.