உட்கார்ந்தே ஆடுபவர்

கால்பந்து ரசிகருக்கு ஒரு வசதி உண்டு. கத்தலாம். நடுவரின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதுவிட்டு, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஸ்நூக்கர் ரசிகருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எவ்வளவு கொந்தளித்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் கொந்தளிக்க வேண்டும். அப்படிப் பதினேழு நாள் கொந்தளிப்பதற்கென்றே வருடாவருடம் ஏப்ரல் நடுவில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஒரு கூட்டம் வந்து இறங்குகிறது. உலக சாம்பியன்ஷிப் 1977 முதல் அங்கே குரூசிபிள் தியேட்டரில்தான் நடக்கிறது. நாடகக் கொட்டகை, சுமார் 980 பேர் உட்காரலாம். முன்வரிசைக்காரர் காலை நீட்டினால் ஆட்டக்காரர் தடுக்கி விழுவார்.

அந்த 980 பேரில் வரிசைக்கு ஒருவராவது 'அவர்' இருப்பார். 2025-இல் என் பக்கத்து இருக்கைக்கு வாய்த்தவர் அசல் உருப்படி. அறுபதைத் தாண்டிய வயது. பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த குட்டி மெத்தை. காதில் வர்ணனை கேட்கும் இயர்பீஸ். இடது கையில் சுவர்க் கடிகாரத்தைப் பிடுங்கிக் கட்டினாற்போன்ற வாட்ச். "லவ், கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ஞ்சுக்கிறீங்களா?" என்றார் வந்ததும். ஷெஃபீல்டுப் பக்கம் ஆம்பளையே ஆம்பளையை 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், பதற வேண்டியதில்லை.

அவருடைய தயாரிப்பு முந்தின ராத்திரியே தொடங்கிவிடுகிறது. மிட்டாய்க் காகிதம் சரசரத்தால் நடுவர் தலை திரும்பும். நடுவர் தலை திரும்பினால் கொட்டகையே திரும்பும். ஆகவே ஒரு தகர டப்பாவில் பஞ்சு பரப்பி, பெப்பர்மின்ட்டுகளைக் காகிதம் உரித்து அடுக்கி எடுத்து வருகிறார். குலுக்கினாலும் சத்தம் வராது. குலுக்கியே காட்டினார். காலையிலிருந்து டீ கிடையாது. ஃப்ரேம், அதாவது ஒரு சுற்று ஆட்டம், நடுவில் எழுந்து போனவர் அது முடிகிறவரை வெளியேதான் நிற்க வேண்டும் என்பதால், நாலு ஃப்ரேம் கழித்து வரும் இடைவேளைவரை தாக்குப்பிடிக்கும்படி உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறார். இருமலையும் சேர்த்து வைக்கிறார். நடுவர் வெள்ளைக் கையுறையோடு கறுப்புப் பந்தை எடுத்து அதன் புள்ளியில் வைக்கிற இரண்டு மூன்று விநாடியில், தவணை முறையில் அதைச் செலவழிக்கிறார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கேரம்போர்டில் சிவப்பைப் போட்டால் ஃபாலோ போட வேண்டும் அல்லவா? அந்தச் சங்கடத்தைப் பதினைந்து முறை படவேண்டும், அவ்வளவுதான். 15 சிவப்புப் பந்து. ஒவ்வொரு சிவப்பும் குழியில் விழுந்த கையோடு ஒரு வண்ணப் பந்தையும் போட வேண்டும். சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஏழு. ஒவ்வொரு தடவையும் கறுப்பையே போட்டு, கடைசியில் மிச்ச வண்ணங்களையும் சுத்தமாகத் துடைத்தால் 147. தவறுகிறவரை ஒரே ஆள்தான் ஆடுவார். அதுவரை எதிராளி என்ன செய்வார்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடிப்பார். கோலின் நுனியில் ஒட்டாத தூசியைத் தட்டுவார்.

நம்மவரின் தத்துவமே இந்த நாற்காலியில்தான் இருக்கிறது. டென்னிஸில் பந்து நம்மிடம் திரும்பி வரும். செஸ்ஸில் எதிராளி யோசிக்கும்போது நாமும் யோசிக்கலாம். ஸ்நூக்கரிலோ தோற்கிறவர் டிக்கெட் வாங்காத பார்வையாளர். "அவன் செய்யறதைத்தான் நானும் செய்யறேன். அவன் பணம் வாங்கிட்டுச் செய்யறான், நான் பணம் கொடுத்துட்டுச் செய்யறேன்," என்றார். 1997-இல் இதே குரூசிபிளில் ரானி ஓ'சல்லிவன் 5 நிமிடம் 8 விநாடியில் 147 அடித்தார். உலகம் முழுக்க அந்த ஆட்டத்தைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறது. நம்மவர் பார்ப்பது நாற்காலியில் இருந்த மிக் பிரைஸை. "எப்படி உட்கார்ந்திருக்கான் பாருங்க! முகத்துல ஒரு கோடு அசையலை. அதெல்லாம் எல்லாருக்கும் வராது."

வாட்ச் கதைக்கு வருகிறேன். 2005 கால் இறுதி. ஓ'சல்லிவன் 8-2 என்று பீட்டர் எப்டனைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார். எப்டன் ஒரு முடிவுக்கு வந்தவராக ஆட்டத்தை நிதானப்படுத்தினார். நிதானம் என்றால் சாதாரண நிதானம் அல்ல. நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். மேஜையைச் சுற்றி வந்து யோசித்தார். வெறும் 12 புள்ளி எடுக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. ஓ'சல்லிவனின் 147-க்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்த ஓ'சல்லிவன் கடைசியில் பார்வையாளர் ஒருவர் பக்கம் திரும்பி, மணி என்ன என்று கேட்டார். கொட்டகை சிரித்தது. எப்டன் 13-11 என்று ஜெயித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு நம்மவர் நாலு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாராம். கையில் வாட்சே இல்லையாம்! மறுவாரமே இந்தப் பெரிய டயலை வாங்கிவிட்டார். அதன்பிறகு கூடுதல் பணம் கொடுத்து, ஆட்டக்காரர் நாற்காலிக்குப் பக்கமாகப் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறார். இருபது வருடம் ஆயிற்று. இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. ஆட்டம் மெதுவாகும்போதெல்லாம் சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றி விட்டுக்கொள்கிறார். நான் ஒருமுறை இரக்கப்பட்டு, "மணி என்ன சார்?" என்று கேட்டேன். பதில் சொன்னார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

இன்னொரு விஷயம், கைதட்டல். புதிதாக வந்தவர்கள் பந்து குழியில் விழுந்தால் தட்டுவார்கள். இவர் எதுவுமே நடக்காதபோது தட்டுகிறார். ஒருவர் வெள்ளைப் பந்தைச் சிவப்பில் லேசாக உரசவிட்டு, மேஜையின் முழு நீளமும் திரும்ப உருட்டி, எதிர்ப்பக்க விளிம்போடு ஒட்டிப் படுக்க வைப்பார். ஒரு புள்ளியும் கிடையாது. ஆனால் அடுத்தவனுக்கும் அடிக்க ஒன்றும் இருக்காது. பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே இவர் தட்ட ஆரம்பிக்கிறார், மற்றவர்களைவிட அரை விநாடி முந்தி. இந்த அரை விநாடிக்குத்தான் முப்பது வருட உழைப்பு. ஃபவுலாகிப் பந்துகளைப் பழைய இடத்துக்கே எடுத்து வைக்க நேர்ந்தால் நடுவரும் திரையும் இருப்பதையே மறந்துவிடுவார். ஆள்காட்டி விரலை மடியில் வைத்தபடி, கால் இஞ்சு இடது, கால் இஞ்சு இடது என்று காற்றில் நகர்த்திக்கொண்டிருப்பார்.

இயர்பீஸால் ஒரு விபரீதம் நிகழ்வதுண்டு. வர்ணனையாளர் ஏதோ ஜோக் அடிப்பார். கருவி மாட்டியவர்கள் மட்டும் குபீரென்று சிரிப்பார்கள். அப்போதுதான் குனிந்து குறி பார்க்கிற ஆட்டக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்து தன் பேன்ட்டைச் சரிபார்த்துக்கொள்வார். சமயத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தும் சத்தம் வரும். கால் இறுதிவரை இரண்டு மேஜை, நடுவில் ஒரு தடுப்பு. அங்கே யாரோ ஏதோ அற்புதம் செய்கிறார், நமக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும்போது நம் வீட்டு டிவியைப் பார்க்கிற நேர்மை எத்தனை பேருக்கு உண்டு? இவருக்கு உண்டு. முகத்தைத் திருப்பமாட்டார். காது மட்டும் போகும்.

ஸ்கோர் 9-2 என்று இருந்தாலும் நடுவில் எழுந்து போகமாட்டார். அதற்கும் ஒரு பழைய காயம். 1985 இறுதிப்போட்டியில் ஸ்டீவ் டேவிஸ் 8-0 என்று முந்தியபோது, இனி என்ன இருக்கிறது என்று டிவியை அணைத்துவிட்டுத் தோட்டத்தில் புல் வெட்டப் போனார். டென்னிஸ் டெய்லர், அந்தப் பெரிய கண்ணாடிக்காரர், ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்து 17-17 ஆக்கி, நள்ளிரவு தாண்டி, கடைசி ஃப்ரேமின் கடைசிக் கறுப்பில் ஜெயித்தார். அன்றைக்கு பிபிசியில் பார்த்தவர்கள் 1 கோடியே 85 லட்சம் பேர். "அத்தனை பேர் பார்த்திருக்காங்க. நான் புல்லு வெட்டிட்டுத் தூங்கிட்டேன்," என்றார். இப்போது வீட்டில் புல்வெளியே கிடையாதாம். சிமென்ட் போட்டுவிட்டார்.

இத்தனைக்கும் இவருக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஏழு முறை ஜெயித்த ஹென்ட்ரியும் இல்லை, அதே ஏழு முறை ஜெயித்த ஓ'சல்லிவனும் இல்லை. ஆறு முறை இறுதிக்கு வந்து ஆறிலும் தோற்ற ஜிம்மி ஒயிட். கடைசியாக 1994-இல், 17-17-இல், லட்டு மாதிரி இருந்த ஒரு கறுப்பைத் தவறவிட, ஹென்ட்ரி எழுந்து வந்து மிச்சத்தை முடித்துவிட்டார். அன்று மே 2, ஒயிட்டின் பிறந்தநாள். ஒவ்வொரு மே 2-ஆம் தேதியும் நம்மவர் ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறார் என்று இடைவேளையில் அவர் மனைவி சொன்னார். அந்த அம்மா உள்ளே வருவதில்லை. பக்கத்து வின்டர் கார்டனில் செடிகளுக்கு நடுவில் டீ குடித்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுகிறார். டீ அளவு தடையில்லாத வாழ்க்கை.

போட்டியைப் பெரிய அரங்குக்கோ வேறு நாட்டுக்கோ மாற்றலாம் என்று யாராவது சொன்னால் போதும், இவர் ரத்த அழுத்தம் ஏறும். குரூசிபிளில் முதல்முறை பட்டம் வென்ற எவரும் அடுத்த வருடம் அதைத் தக்கவைத்ததில்லை என்பது 2025 வரைக்குமான சரித்திரம். அந்தச் சாபம் கூடவே குடிபெயருமா என்பதுதான் இவரது கேள்வி. அந்த வருடமே நடப்பு சாம்பியன் கைரன் வில்சன் முதல் சுற்றில் லெய் பெய்ஃபானிடம் 9-10 என்று கவிழ்ந்தபோது, தானே சாபம் கொடுத்த முனிவராகத் தலையசைத்தாராம்.

நான் தமிழ்நாடு என்று சொன்னதும் மெத்தையோடு எழுந்துவிட்டார். "ஊட்டி!" என்றார். ஸ்நூக்கர் பிறந்தது 1875-இல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரியின் யோசனையில். அதே பெயரில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் வேறு ஆள். சட்டதிட்டம் எழுதப்பட்டது 1882-இல் ஊட்டி கிளப்பில். இதை அவர் எனக்குச் சொன்னார். "அந்த பில்லியர்ட்ஸ் ரூம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஊட்டி என்றால் நமக்குப் பொட்டானிக்கல் கார்டன், படகு, வர்க்கி, குளிருக்கு ஒரு மங்கி கேப். கிளப்புக்குள் மெம்பர் இல்லாதவனை விடமாட்டார்கள் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், திருப்பதிக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தும் மலையேறாதவனைப் பார்க்கிற ஏமாற்றம்.

"அடுத்த வருஷம் நாம போறோம்," என்று மனைவியிடம் அறிவித்தார்.

"எப்போ சீசன்?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"ஏப்ரல், மே."

இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

"ஜூலையில போலாம்," என்றார் அவர்.

"ஜூலையில மழை கொட்டுமே," என்றேன்.

"கொட்டட்டுமே. வாசல்ல நின்னாவது பார்த்துட்டு வந்துடுவேன்."

அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை செஷன் நிக்கிறதா உத்தேசம்?"