மொட்டையடிச்சா மரம் சாகுமா?

தம்பி, தானா ராத்தாவுல தரைவீடு வாங்கியிருக்கியாம், முன்னுக்குப் புல்லுத்தரையாம், அதுல கண்ட மரக்கன்னும் முளைச்சு உனக்குத் தூக்கமே வரலையாம். உங்க அம்மா சொல்லிச்சு. எங்க காலத்துல தொரை ஜீப்பு சத்தம் கேட்டாத்தான் தூக்கம் போகும். உனக்கு ரெண்டு எலை போதும்போல.

வாராவாரம் மெசின் போட்டு வெட்டியும் திரும்ப வருதாமே? வராம என்ன செய்யும்? நீ செய்யிறதுக்குப் பேரு கவாத்து. 1929-ல ரஸ்ஸல் தொரை ‘போ’ தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்ச காலத்துலேருந்து இந்த மலையில நாங்க சம்பளத்துக்குப் பார்த்த வேலை அது. நீ காசு குடுத்து மெசின் வாங்கிப் பாக்கிற. தேயிலைன்னா இடுப்பு உசரச் செடின்னு நெனச்சுக்கிட்டியா? சும்மா விட்டா 30 அடிக்கு மேல போற மரம்டா அது. கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா கவாத்துக் கத்தியால வெட்டி, அப்படிக் குள்ளமாக்கி வச்சிருக்கோம். நுனி போனா அடியில தூங்குற கண்ணெல்லாம் முழிச்சுக்கும், பக்கத்துக்கு நாலு கிளை விடும். பச்சைத்தண்டா இருக்கிற கன்னு ரெண்டு மூணு வெட்டுல செத்துரும், அது வேற. தண்டு கட்டையாயிருச்சுன்னா நீ வெட்ட வெட்ட அதுக்குக் கொண்டாட்டம். கொஞ்ச நாள்ல உன் வாசல்லயே கூடை மாட்டிக் கொழுந்தெடுக்கலாம்.

முதல்ல இதெல்லாம் யாரு போட்ட விதைன்னு பாரு. கரண்டுக் கம்பிக்கு நேர் கீழ வரிசையா முளைச்சிருந்தா குருவி வேலை. பழத்தைத் தின்னுட்டு மேல உக்காந்து விதைச்சிட்டுப் போயிருக்கும். வேலியோரமா முளைச்சிருந்தா உன் வேலியே கள்ளன். தொரை பங்களாவைப் பாத்துட்டு வந்து நீயும் அழகுக்குத் தேயிலை வேலி வச்சிருக்க, கிள்ள மட்டும் ஆளில்ல. கிள்ளாத தேயிலை பூக்கும். வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சள். அப்புறம் பச்சைக் காய். அது வெடிச்சு, உருண்டையா காப்பிக்கலர் விதை புல்லுல விழும்.

அந்தக் கன்னு மேல ஒரு சாண் இருந்தா, ஆணிவேர் கீழ அதைவிட நீளமா இறங்கியிருக்கும். காய்ஞ்ச மண்ணுல இழுக்காதே, கழுத்துல ஒடிஞ்சு மறுபடி துளிர்க்கும். மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில குந்து. குந்துனா ஒண்ணும் கெளரவம் குறைஞ்சிராது. எலையைப் பிடிக்காம மண்ணை ஒட்டித் தண்டைப் பிடிச்சு, நேரா மேல, மெதுவா இழு. விதையோட்டோட வந்துச்சுன்னா வேலை முடிஞ்சுது. பெருசா இருந்தா ஓரமா ஒரு கம்பியைக் குத்தி மண்ணை இளக்கிக்க.

உப்புக் கொட்டச் சொல்லி ஒருத்தன் ஐடியா குடுத்தானாமே? கொட்டு. கன்னும் சாகும், புல்லும் சாகும், அப்புறம் சிமெண்டு போட்டுரலாம். அந்தக் களைக்கொல்லி மருந்து எங்கயாவது கிடைக்குமான்னு வேற கேட்டியாம். பராகுவாட்டா? 2020 ஜனவரி 1-லேருந்து இந்த நாட்டுல தடை. தோட்டங்கள்ல முதுகுல டாங்கியைக் கட்டிக்கிட்டு அதை அடிச்சதுல முக்காவாசி பொம்பளைங்க. நகம் கழண்டு, மூக்குல ரத்தம் வந்து நின்னவங்க இருக்காங்க. உன் புல்லு அழகுக்கு அதெல்லாம் கேக்காதே.

பிடுங்குன தேயிலைக் கன்னைத் தூக்கி எறிஞ்சிராதே. பாலிபேக்ல மண்ணைப் போட்டு வச்சு, பிரிஞ்சாங் பாசார் மாலாமுக்குக் கொண்டுபோ. மலைத் தேயிலைன்னு எழுதி வச்சா கோலாலம்பூர்க்காரன் விலை கேக்காம வாங்குவான். கீழ இது வளராதுன்னு இழுத்தான்னா, சிலாங்கூர்ல புக்கிட் சீடிங்லயே தேயிலைத் தோட்டம் இருக்குன்னு சொல்லு. கொண்டுபோய் அவன் வாசல் புல்லுல நட்டுக்குவான். நாலு வருசம் கழிச்சு அவனுக்கும் தூக்கம் போயிரும். அப்ப என் நம்பரை மட்டும் குடுத்துராதே.