மூலையில் மட்டும் வால் முளைத்த நட்சத்திரங்கள்

மொட்டை மாடியில் 80 மி.மீ. தொலைநோக்கியில் கேமராவை மாட்டிப் படம் எடுத்தேன். நடுவில் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன, நான்கு மூலையிலும் நீண்டு கிடக்கின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- வாசகர், கொரட்டூர்

கடைக்காரர் பாவம், விட்டுவிடுங்கள். லென்ஸ் பிம்பத்தைத் தோசைக்கல்லில் வார்ப்பதில்லை, வாணலியில் வார்க்கிறது. உங்கள் சென்சாரோ தட்டை. குவியத்தூரம் 480 மி.மீ. என்றால் அந்த வாணலியின் ஆரம் சுமார் 180 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரின் மூலை நடுவிலிருந்து 13 மி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே ஃபோகஸ் அரை மில்லிமீட்டர் முன்னாலேயே விழுந்துவிடும். அரை மில்லிமீட்டர்தானே என்கிறீர்களா? எஃப்/6-இல் அது நட்சத்திரத்தை இருபது பிக்சலுக்கு உப்ப வைக்கும்.

ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் சரியாகுமா?
- அவரே

செலவும் கூடும், வாலும் கூடும்.

மவுன்ட் சரியாக ஓடாததாலும் இப்படி ஆகலாமே?
- வாசகி, பட்டரவாக்கம்

மவுன்ட் செய்த குற்றமென்றால் எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் நீளும். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது. அடாப்டர் திருகுகளைப் பாருங்கள். சந்தேகம் தீர, மூலை நட்சத்திரத்தை வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். மூலை கூர்மையாகி நடு உப்பினால் வளைவேதான்; அதற்கு மருந்து, பிம்பத்தைத் தட்டையாக்கும் ஃபிளாட்னர் லென்ஸ். நியூட்டன் வகைத் தொலைநோக்கி என்றால் முதல் சந்தேகம் கோமா என்ற வேறொரு குறை மீது. அதற்கு மருந்து வேறு.

ஃபிளாட்னர் வாங்கி மாட்டியும் வால் போகவில்லை!
- வாசகர், அம்பத்தூர்

இடைவெளியை அளந்தீர்களா? பெரும்பாலான ஃபிளாட்னர்கள் சென்சாரிலிருந்து 55 மி.மீ. கேட்கும். கேனன் டி.எஸ்.எல்.ஆரில் உள்ளே 44, டி-ரிங் 11, கணக்கு முடிந்தது. மிர்ரர்லெஸ், வானியல் கேமராக்களில் மிச்சத்தை வளையம் போட்டு நிரப்ப வேண்டும். நடுவே ஃபில்டர் செருகினால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். இதை மறந்துவிட்டு ஃபிளாட்னரைத் திட்டுபவர்களே அதிகம். பொதுவாக, வால்கள் நடுவிலிருந்து வெளியே பாய்ந்தால் இடைவெளி போதாது. நடுவைச் சுற்றி வட்டமடித்தால் அதிகம். சில மாடல்களில் இது தலைகீழ். அதனால் கால் மில்லிமீட்டர் வாஷராகச் சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள். வளையம் கிடைக்காவிட்டால், அம்பத்தூர் தொழிற்பேட்டையை வாசலில் வைத்துக்கொண்டு எதற்குக் கவலை? எம்48, 0.75 பிட்ச் என்று சொன்னால் நல்ல லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். உள்பக்கத்துக்குக் கறுப்பு அடிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

பெரிய தொலைநோக்கிகளுக்கு இந்தத் தொல்லை இல்லையா?
- மாணவி, பாடி

நம்மைவிட அதிகம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 45 செ.மீ. தொலைநோக்கி ஷ்மிட் வகை. 1988-இல் ஆர். ராஜமோகன் அங்கே கண்டுபிடித்த சிறுகோள்தான் 4130 ராமானுஜன். ஷ்மிட் அகன்ற வானத்தை அள்ளித் தரும். ஆனால் பிம்பம் விழுவது உருண்டைப் பரப்பில். அதன் ஆரம் குவியத்தூரமேதான். ஒளி தட்டையாக மறுத்தால் தட்டை வளை என்று முடிவெடுத்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள். அமெரிக்காவின் பாலோமர் ஷ்மிட்டில் 14 அங்குலக் கண்ணாடித் தட்டையே வளைத்துப் பொருத்தினார்கள். (உடைந்தபோது என்ன சொல்லித் திட்டினார்களோ!) சிலிக்கானை அப்படிச் சுலபமாக வளைக்க முடியாதே. 2009-இல் விண்ணுக்குப் போன கெப்ளர் தொலைநோக்கியில் சிசிடி-களை வளைவாக அடுக்கி, மேலே நீலக்கல் ஃபிளாட்னர் லென்ஸ்களையும் வைத்தார்கள்.

கண்ணால் பார்க்கும்போது மட்டும் ஏன் தெரிவதில்லை?
- அதே மாணவி

கண் நொடிக்கு நொடி தானே ஃபோகஸை மாற்றிக்கொள்ளும். விழித்திரையே வளைவு என்பது கூடுதல் சலுகை. வயது நாற்பதைத் தாண்டட்டும், அப்புறம் கேளுங்கள்.

கொரட்டூர் வெளிச்சத்தில் எனக்கு ஃபிளாட்னர் அவசியமா?
- முதல் வாசகரே

எடுப்பது நிலா என்றால் வேண்டாம், 480 மி.மீ.யில் அது சென்சாரில் சுமார் நாலரை மி.மீ.தான் வரும். ஆண்ட்ரோமிடா கேலக்ஸி முழுசாக வேண்டுமென்றால் குறுக்கே மூலைக்கு மூலை படுக்க வைத்தால்தான் இடம் போதும், அதாவது வால் முளைக்கும் இடத்திலேயே. ஆனால் உங்கள் மாடியிலிருந்து அதன் நடுப்பகுதிக்கு மேல் தெரிவது கஷ்டம். ஜவ்வாது மலைக்கு வண்டி ஏறும் வாரம் வாங்கிக்கொள்ளலாம்.