முன்னமே இருந்த நோய்

அமெரிக்க தேசத்தில், வியாதியஸ்தர் என்பதற்காக ஒருவரைப் புறக்கணிக்கலாகாது என்று 2010-ஆம் வருஷத்துச் சட்டம் 2014 முதல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கையைக் கட்டியபோதிலும், குறுகிய காலப் பாலிசியை மட்டும் அது தொடாமல் விட்டுவிட்டது. பிரீமியம் சொற்பம், பரம சந்தோஷம். ஆனால் முன்னமே சரீரத்தில் குடியேறிய நோய்க்குப் பொதுவாகச் சல்லிக்காசு கிடையாது. டாக்டரே அறியாத நோயாயினும், அதன் லட்சணங்கள் அன்றே தென்பட்டிருக்க வேண்டுமென்று, பணம் கேட்கும் தருணத்தில் பழைய வைத்தியக் குறிப்புகளைப் புரட்டித் தீர்மானிக்கும் கம்பெனிகளும் உண்டு. (ஜோசியர் எதிர்காலம் சொல்வார், இவர்கள் இறந்தகாலம் சொல்வதில் நிபுணர்கள்.) 2018-இல் 364 நாள் வரை ஆயுள் பெற்ற இப்பாலிசிக்கு, 2024-ஆம் வருஷத்து விதி, நீட்டிப்பும் சேர்த்து நான்கே மாதம் என்று கணக்குத் தீர்த்தது. முதல் பாலிசியின் காலத்தில் வந்த நோய், அடுத்த பாலிசிக்கு முன்னமே இருந்த நோய்.