பின்சீட்டைக் கேட்டு பைக் வாங்குங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கே: நானும் மனைவியும் பைக்கில் டென்ட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற ஆசைப்படுகிறோம். எத்தனை சிசி வண்டி வாங்கலாம்?
– வாசகர், திருப்பூர்

ப: சிசி கிடக்கட்டும். முதலில் இருவரும் ஜாக்கெட், ஷூ, ஹெல்மெட்டோடு எடை மெஷினில் ஏறுங்கள். நீங்கள் 78 கிலோ, அவர் 62, டென்ட், படுக்கை, அடுப்பு, துணிமணி எல்லாம் 20 என்றால் மொத்தம் 160. ஒரு வண்டி பாரத்தோடு சேர்த்து அதிகபட்சம் எத்தனை கிலோ இருக்கலாம் என்பது கம்பெனி தரும் கையேட்டில் இருக்கும். அதில் வண்டியின் சொந்த எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் அது சுமக்க ஒப்புக்கொண்ட பாரம். உங்கள் 160 அதற்குள் அடங்காவிட்டால், எவ்வளவு அழகான வண்டியானாலும் அது உங்களுக்கானது அல்ல.

கே: வீட்டில் ஸ்ப்ளெண்டர் நிற்கிறது. அதிலேயே போக முடியாதா?
– வாசகர், கும்பகோணம்

ப: போகலாம், பாதையை வண்டிக்கு ஏற்றபடி போட்டால். 97.2 சிசி எஞ்சின் சமவெளியில், ஊர்ச் சாலைகளில், 50 கி.மீ. வேகத்தில் இருவரை அலுக்காமல் இழுக்கும். கோளாறு என்றால் எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் சரிசெய்து தருவார். ஆனால் மூட்டையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறச் சொன்னால் முதல் கியரை விட்டு நகராது. நான்குவழிச் சாலையில் லாரியை முந்தவும் தெம்பு இருக்காது. காவிரிக் கரையோரம் சுற்றுங்கள், மலையை விட்டுவிடுங்கள்.

கே: பெரிய எஞ்சின் என்றால் பாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்தானே?
– வாசகர், சேலம்

ப: 1952-ல் சே குவேராவும் ஆல்பெர்டோ கிரனாடோவும் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது 500 சிசி நார்ட்டனில். பழைய வண்டி, கரடுமுரடான சாலை, இரண்டு பேர், டென்ட், மூட்டை முடிச்சு. வழியெல்லாம் விழுந்து எழுந்த வண்டி சிலியில் கைவிரித்துவிட்டது. அதற்குமேல் லாரியிலும் கப்பலிலும்தான் போனார்கள். பாரத்தைக் குறைக்காதவருக்கு எந்த சிசியும் போதாது.

கே: சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸா, பழைய ஹிமாலயன் 411-ஆ? தீர்ப்பு சொல்லுங்கள்.
– வாசகர், கோவை

ப: குதிரைத்திறனில் இரண்டும் ஏறக்குறைய சமம். இழுவையில்தான் வித்தியாசம்: 249 சிசி வி-ஸ்ட்ராமுக்கு 22.2 நியூட்டன் மீட்டர், ஹிமாலயனுக்கு 32. அதுவும் குறைந்த சுற்றிலேயே கிடைக்கும். இருவரோடு மேட்டில் நின்று கிளம்பும்போது கிளட்ச்சைத் தேய்க்காமல் ஹிமாலயன் நகரும். ஆனால் அது 199 கிலோ, வி-ஸ்ட்ராம் 167. மணலிலும் சேற்றிலும் தள்ளிப் பாருங்கள், அந்த 32 கிலோ முதுகில் தெரியும். சீட் உயரம் ஹிமாலயனில் 800 மி.மீ., மற்றதில் 835. பின்னால் ஒருவர் காலைத் தூக்கிப்போட்டு ஏறும்போது ஓட்டுபவரின் இரு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். உயரம் குறைந்தவருக்கும் மலைப்பிரியருக்கும் ஹிமாலயன். நெடுஞ்சாலையே அதிகம் என்றால் வி-ஸ்ட்ராம்.

கே: பின்சீட்டில் உட்காரப் போவது நான். என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நான் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, மதுரை

ப: இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி இதுதான். டெஸ்ட் ரைடுக்கு நீங்களும் ஏறுங்கள், அரை மணி நேரமாவது போய் வாருங்கள். ஃபுட்ரெஸ்டில் கால் வைத்ததும் முழங்கால் இடுப்புக்கு மேலே தூக்கி நிற்கிறதா? மாலைக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிரேக் போட்டதும் அவர் முதுகில் போய் மோதுகிறீர்களா? சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறது. நாள் முழுக்க உங்கள் மணிக்கட்டுதான் உங்களைத் தாங்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி கைக்கு எட்டுகிறதா, சைலன்சர் சூடு கெண்டைக்காலில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. நாம் ஸாரி கார்டு என்கிறோமே, அதுதான். பை மாட்டும் கம்பிக்காக அதைக் கழற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கே: மூட்டையை எங்கே, எப்படிக் கட்டுவது?
– வாசகர், நாகர்கோவில்

ப: கனமானவை கீழே, இரு பக்கமும் சமமாக, பின்சக்கர அச்சுக்கு முன்பாக. லேசான படுக்கை மட்டும் கேரியரில். அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். வேகம் கூடியதும் ஹேண்டில்பார் கையில் மிதக்கும். பின் ஷாக் அப்சார்பரை ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். இருவர் ஏறினால் டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது கையேட்டில் தனியாக இருக்கும், அந்த அளவுக்கு அடியுங்கள். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசும். அதையும் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

கே: 200 சிசி வண்டியில் இருவரும் லடாக் போகலாமா?
– வாசகர், சென்னை

ப: உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், எஞ்சின் சோரும். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் பலம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கர்துங் லாவில் உங்கள் 200 சிசி ஏறக்குறைய 100 சிசி ஆகிவிடும். இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும்; இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஒருவர் இறங்கி நடக்க வேண்டிவரும், அதுவும் மூச்சு முட்டும் உயரத்தில். இருவர் போக 350 சிசிக்குக் குறைய வேண்டாம். 40 பிஎஸ் தரும் ஹிமாலயன் 450 இன்னும் நல்லது. 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள்.

கே: ஒரு பெரிய வண்டியா, ஆளுக்கொரு சின்ன வண்டியா?
– வாசகர், புதுச்சேரி

ப: இருவருக்கும் ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்: இரண்டு 125. பாரம் பாதியாகும். ஒன்று நின்றால் இன்னொன்று மெக்கானிக்கைக் கூட்டி வரும். பெட்ரோல் செலவு கொஞ்சம் கூடும், இடுப்பு வலி கட்டாயம் குறையும்.

கே: காட்டுக்குள் டென்ட் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?
– வாசகர், தேனி

ப: வனத்துறை கேட்கும், கேட்கத்தான் வேண்டும். 2018 மார்ச்சில் உங்கள் மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்டதை நீங்கள் மறந்திருக்க முடியாது. அனுமதியில்லாமல் காட்டில் கால் வைக்காதீர்கள். தோட்டக்காரரிடம் கேட்டு அவர் நிலத்தில் தங்குங்கள், சருகு மேல் அடுப்பு பற்றவைக்காதீர்கள். மாலை ஐந்துக்குள் இடம் சேருங்கள். இருட்டில் டென்ட் அடிப்பவருக்குக் கீழே எறும்புப் புற்று இருப்பது படுத்தபிறகுதான் தெரியும்.

கே: ட்யூப் டயரா, ட்யூப்லெஸ்ஸா?
– வாசகர், வேலூர்

ப: ட்யூப்லெஸ். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். இருவர் ஏறிய வண்டியில் அந்த அவகாசம் உயிர் காக்கும். சக்கரத்தைக் கழற்றாமலே நீங்களே பஞ்சர் ஒட்டலாம்.

கே: எனக்கு நல்ல ஹெல்மெட் இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குச் சாதாரணமானது போதாதா?
– வாசகர், திருநெல்வேலி

ப: போதாது. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான், தார்ச்சாலையும் இருவருக்கும் ஒன்றுதான். சாலையைப் பார்த்து ஓட்டுபவர் நீங்கள். உங்களை நம்பி உட்கார்ந்திருப்பவர் அவர். ஐஎஸ்ஐ முத்திரையோடு, முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டை அவர் தலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். டென்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் குறைத்தாவது அதை முதலில் வாங்குங்கள்.