பாடிக்கு ஒரு வயசு, எஞ்சினுக்கு ஒரு வயசு

எங்கள் அம்பாசடர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், "எதைக் கேக்குறீங்க, பாடியையா எஞ்சினையா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் பெரும்பாலும் பேச்சுக்குக் கேட்டிருப்பார். இருந்தாலும் கேட்டுவிட்டாரே, முழுக்கச் சொல்லாமல் அவரை அனுப்புவது மரியாதையில்லை.

வண்டி 1983 மாடல். பிறந்தபோது உள்ளே இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். மேட்டில் ஏறும்போது உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை இறக்கிவிட்டு, கான்டெஸாவிலிருந்து கழற்றிய 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினை அதன் ஐந்து கியர் பெட்டியோடு ஏற்றினோம். ஒன்றும் விபரீதமில்லை. இரண்டு கார்களுமே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தவை. தொண்ணூறுகளில் கம்பெனியே இந்த எஞ்சினை அம்பாசடரில் வைத்து விற்றிருக்கிறது. முறைப்படி அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரையும் மாற்றியாகிவிட்டது. சட்டம் திருப்தியாகிவிட்டது. என் மாமனார் ஆகவில்லை. அவர் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வண்டிக்கு நோட்டுப் போட்டவர் அவர்தான்.

சிக்கலுக்குக் காரணம், மீட்டர் எஞ்சினைத் திரும்பியே பார்ப்பதில்லை என்பதுதான். கியர் பெட்டியின் பின்பக்க ஷாஃப்ட் சுழல, அதில் கோத்த சின்னப் பல்சக்கரம் சுழல, அதிலிருந்து போகும் கேபிள் முறுக்கி எண்களை உருட்டுகிறது. சக்கரம் உருண்டால்தான் கணக்கு. எங்கள் ஊர் பால்பண்ணை சந்திப்பு நெரிசலில் எஞ்சின் அரைமணி நேரம் உறுமிக்கொண்டு நின்றால், மீட்டரைப் பொறுத்தவரை அது எதுவுமே நடக்காத அரைமணி. டிராக்டருக்கு மணிக்கணக்கு மீட்டர் வைத்தவர்கள் விவரமானவர்கள். விமானத்தில் உடலுக்கு ஒரு பதிவேடு, எஞ்சினுக்கு ஒன்று, முன்னால் சுற்றுகிற புரொப்பெல்லருக்குக்கூடத் தனியாக ஒன்று. அம்பாசடருக்கு வாய்த்ததோ ஐந்து இலக்க மீட்டர் ஒன்றே ஒன்று. அதுவும் 99,999 தாண்டியதும் பழசையெல்லாம் மறந்து பூஜ்யத்தில் உட்கார்ந்துவிடும். இதுவரை எத்தனை முறை மறந்தது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு.

எஞ்சின் ஏற்றிய அன்று மீட்டர் காட்டியதைக் குறித்துவைத்துக் கழித்தால் தீர்ந்தது என்பீர்கள். குறித்திருக்கிறோம். நோட்டில் இருக்கிறது, பானட்டின் உட்புறம் பெயின்டிலும் எழுதியிருக்கிறது. ஆனால் கழித்தால் கிடைப்பது எங்களிடம் வந்த பிறகு எஞ்சின் ஓடிய தூரம் மட்டுமே. அதற்கு முன் கான்டெஸாவில் ஓடியது? சென்னை புதுப்பேட்டையில் வாங்கும்போதே கேட்டேன்.

"எழுவதாயிரந்தான் சார். டாக்டர் ஓட்டுன வண்டி."

"மீட்டரைக் காட்டுங்கண்ணே."

"அது போன வாரமே வித்துப்போச்சே!"

பழைய எஞ்சின் எதை விசாரித்தாலும் அது டாக்டர் ஓட்டிய வண்டியிலிருந்துதான் வந்திருக்கும். கணக்குப் பார்த்தால் ஊரில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம். அது கிடக்கட்டும். என்னைத் தூங்கவிடாதது அந்த மீட்டர். என் எஞ்சினின் கடந்த காலம் முழுவதும் இன்னொருவர் காரின் டாஷ்போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதர் தன் வண்டி ஓடாத தூரத்தையெல்லாம் ஓடியதாக நம்பிக்கொண்டோ, ஓடிய தூரத்தை மறைத்துக்கொண்டோ எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். நாங்கள் இருவரும் ஒரு டீக்கடையில் சந்தித்தால் இரண்டு பேர் கணக்கும் நேராகிவிடும்.

அடுத்த கோளாறு கியர் பெட்டியால் வந்தது. அதிலுள்ள மீட்டர் பல்சக்கரம் கான்டெஸாவின் டயருக்கும் பின் ஆக்ஸிலுக்கும் கணக்குப் போட்டு வெட்டியது. அம்பாசடரில் இரண்டும் வேறு. மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க மாமனாரை ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டில் போனேன். நான் ஓட்ட, அவர் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கல்லைப் பார்க்க வேண்டும். ஒரு கல்லை அரளிச்செடி மூடியிருந்தது, இன்னொன்றில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். "ஆடு நின்ன கல்லைச் சேக்கலாமா மாப்ளே?" என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். தணிக்கைக்குப் பயந்தே வாழ்ந்தவர். துவரங்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் விவரம் தெரிந்துவிட்டது. பத்து கல்லுக்கு மீட்டர் பதினொன்று சொல்கிறது.

மெக்கானிக் பாயிடம் சொன்னேன். "அந்தப் பல்லு இப்ப கிடைக்கிறது கஷ்டம் சார். நீங்க பதினொண்ணுக்கு ஒண்ணு தள்ளிக்கங்க" என்று அவர் பானட்டை மூடிவிட்டார்.

ஆக, நோட்டில் இப்போது பக்கம் பக்கமாகக் கோடு. எஞ்சின் ஆயிலுக்கு எஞ்சின் கணக்கு. வீல் பேரிங் கிரீஸுக்கும் பின்பட்டைக்கும் பாடி கணக்கு, அதிலும் மாற்றத்துக்கு முன் முழுசு, பின் தள்ளுபடி போக. கிளட்ச் பிளேட் எஞ்சின் ஏற்றும்போது புதிதாகப் போட்டது, எனவே தனிப் பத்தி. ரேடியேட்டர் பழைய வண்டியுடையது, உழைப்பதோ புது எஞ்சினுக்கு. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மாமனார் இன்னும் பென்சிலில்தான் வைத்திருக்கிறார்.

தலை மாறிய இருவரில் யார் அந்தப் பெண்ணின் கணவன் என்று வேதாளம் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். கணவனின் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவனே கணவன் என்றான் விக்கிரமாதித்தன். ஆர்.டி.ஓ. அலுவலகம் அதற்கு நேரெதிர். அங்கே சேஸிஸ்தான் ஆள். எஞ்சின் எத்தனை முறை மாறினாலும் உற்பத்தி ஆண்டு 1983 தான். புகைச் சோதனையும் இன்ஷூரன்ஸும் அதையே பார்க்கின்றன. புரோக்கரோ சமயத்துக்கு ஏற்றபடி பேசுவார். என்னிடம் விலைக்குக் கேட்கும்போது "நாப்பது வருஷத்து வண்டி சார், இரும்பு விலைதான்" என்பார். அவரே இன்னொருவரிடம், "ஜப்பான் எஞ்சின், இப்பத்தான் ஏத்துனது" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

எனக்கு 2033 மேல் ஒரு கண் இருந்தது. முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். படித்துப் பார்த்தால், சேஸிஸும் பாடியும் மட்டுமல்ல, எஞ்சினும் மாற்றமில்லாமல் அசலாக இருக்க வேண்டுமாம்! அதுவரை எஞ்சினை ஒரு பொருட்டாகவே மதிக்காத அலுவலகம் ஐம்பதாவது வயதில் விக்கிரமாதித்தன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

மாமனார் அசரவில்லை. பழைய எஞ்சின் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

"2033-ல அதையே திரும்ப ஏத்திருவோம் மாப்ளே. இறக்குன அன்னிக்கி மீட்டர்ல என்ன இருந்ததுன்னு நோட்டுல இருக்கு. அதுலேருந்து தொடருவோம்."

"அப்ப இந்த இசுஸு எஞ்சின்?"

"யாருக்காவது வித்துருங்க. மீட்டரைக் கேட்டா, நீங்க டாக்டர்னு சொல்லிருங்க."